கால்மானமும் கீழ்வேலியும்

எண்களை ஏறுவரிசையில் அடுக்கி, அந்த வரிசையை நான்கு சம பங்காகப் பிரிக்கும் மூன்று இடங்களே கால்மானங்கள். முதல் கால்மானத்துக்குக் கீழே கால்வாசி எண்கள் இருக்கும். மூன்றாவதற்குக் கீழே முக்கால்வாசி. நடுவிலிருப்பது இடைநிலை அளவு. மூன்றாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவது கால்மான இடைவெளி. அதன் ஒன்றரை மடங்கை முதல் கால்மானத்திலிருந்து கழித்தால் கீழ்வேலி கிடைக்கும். வேலிக்கும் கீழே இருக்கும் எண் வழக்கத்துக்கு மாறாகத் தாழ்ந்தது. அமெரிக்கப் புள்ளியியலர் ஜான் டூக்கி 1977-இல் வெளியிட்ட நூலால் பரவிய முறை இது.

இதற்கு அருமையான எடுத்துக்காட்டு, 1882-இல் சைமன் நியூகோம் ஒளியின் வேகத்தை அளந்த கணக்கு. பொட்டோமாக் ஆற்றின் ஒரு பக்கத்திலிருந்து புறப்பட்ட ஒளி, மறுபக்கத்தில் வாஷிங்டன் நினைவுத்தூணின் அடியிலிருந்த கண்ணாடியில் பட்டுத் திரும்பியது. போகவர ஏறத்தாழ 7,400 மீட்டர். இதற்கான நேரத்தை அவர் 66 முறை அளந்தார். எல்லாமே 24,800 நானோ விநாடியை ஒட்டியவை என்பதால், அதற்கு மேல் எவ்வளவு என்பதை மட்டும் குறிப்பது வழக்கம்: 28, 26, 33, 24, 34... இவற்றிடையே -2, -44 என இரண்டு எண்கள்.

வரிசைப்படுத்தினால், கீழ்ப்பாதியிலுள்ள 33 எண்களின் நடு எண் 24. மேல்பாதியின் நடு எண் 31. இடைவெளி 7, அதன் ஒன்றரை மடங்கு 10.5. எனவே கீழ்வேலி 13.5. அந்த இரண்டும் வேலிக்கு வெளியே விழுகின்றன. இரண்டு முறை வந்த 16 உள்ளேயே தங்கிவிடுகிறது.

இதே எண்களைச் சராசரியும், எண்கள் அதிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன எனக் காட்டும் திட்ட விலக்கமும் கொண்டு சோதித்தால் முறையின் வலிமை புரியும். சராசரி 26.2, திட்ட விலக்கம் சுமார் 10.7. சராசரிக்குக் கீழே மூன்று திட்ட விலக்கம் என்று கோடு கிழித்தால் அது -6-இல் விழும், -2 தப்பிவிடும். -44 தன் பங்குக்குத் திட்ட விலக்கத்தைப் பெருக்கி, -2-க்கு மறைவிடம் தந்துவிடுகிறது. கால்மானம் அப்படி அசைவதில்லை. -44-க்குப் பதில் -4,400 என்று இருந்தாலும் முதல் கால்மானம் 24-தான்.

வேலிக்கு வெளியே நிற்பதாலேயே ஓர் எண் பிழையாகிவிடாது. கருவி தவறியதா, எழுதும்போது பிசகியதா என்று தேடிப் பார்ப்பதற்கான அடையாளம் அது. நீக்குவதா என்பது அளந்தவரின் முடிவு. நியூகோம் -44-ஐ விலக்கினார், -2-ஐ வைத்துக்கொண்டார். இரண்டையும் விலக்கினால் சராசரி 27.75 ஆகும். ஒளியின் வேகம் குறித்த இன்றைய அறிவின்படி அங்கே வரவேண்டியது சுமார் 33. எல்லா அளவுகளையும் ஒருசேரக் கீழே இழுத்த பிழை எந்த வேலியிலும் சிக்காது.