மகள் ஊர்ப் பொங்கல்

எதிர் வீட்டு அக்காவின் மகள் பாஸ்டன் பக்கத்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, "வர்ற வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங்மா, நாலு நாள் லீவு. ஆபீஸ் சிநேகிதி வீட்டுல சாப்பிடக் கூப்பிட்டிருக்காங்க" என்றிருக்கிறாள். சாயங்காலம் டீயோடு வந்து திண்ணையில் உட்கார்ந்த அக்கா கேட்டார்: "அறுவடைப் பண்டிகைன்னு சொல்றா. அப்போ அது அவங்க ஊர்ப் பொங்கலா தம்பி?"

அக்கா திருவாரூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். களத்துமேடும் புது நெல்லும் தெரிந்தவரிடம் "ஆமாம்" என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு நகர முடியாது. நான் யோசிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. "நவம்பர் கடைசியில அங்க குளிர் நடுக்கும்னு இவளே சொல்வா. அப்ப வயல்ல என்ன இருக்கும் அறுக்க?"

சரியான இடத்தைப் பிடித்துவிட்டார். மாசசூசெட்ஸில் நவம்பர் கடைசிக்குள் மக்காச்சோளம் எப்போதோ வீடு வந்து சேர்ந்திருக்கும். பக்கத்திலுள்ள கனடா இதே பெயரில் கொண்டாடும் பண்டிகை அக்டோபர் மாத இரண்டாம் திங்கட்கிழமை வருகிறது. அது அறுவடைக்குக் கிட்டத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் நவம்பர் நான்காம் வியாழக்கிழமைக்கும் வயலுக்கும் நேரடிச் சம்பந்தமில்லை. அந்த நாள் எப்படி வந்தது என்பது தனிக்கதை. அதற்கு முன்னால் சோளத்தின் கதையைச் சொல்ல வேண்டும்.

1620-ல் இங்கிலாந்திலிருந்து மேஃபிளவர் என்ற கப்பலில் 102 பேர் புறப்பட்டார்கள். அரசாங்கத் திருச்சபையோடு ஒத்துப்போகாமல் பிரிந்தவர்கள் சிலர், பிழைப்புத் தேடி வந்தவர்கள் சிலர். கரையைத் தொட்டபோது நவம்பர். விதைக்கும் காலம் முடிந்து குளிர் ஏறிவிட்டது. அடுத்த வசந்தம் வருவதற்குள் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்துபோனார்கள்.

அவர்கள் குடியேறி பிளிமத் என்று பெயர் வைத்த இடத்துக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது. பட்டுக்செட். வாம்பனோவாக் மக்களின் ஊர் அது. காடு திருத்தி, நிலம் பண்படுத்தி, சோளம் விளைவித்த ஊர். கப்பல் வந்தபோது அங்கே ஒரு மனிதரும் இல்லை. 1616-க்கும் 1619-க்கும் இடையில், ஐரோப்பியக் கப்பல்களோடு வந்த கொள்ளைநோய் அந்தக் கடற்கரையின் பல ஊர்களைத் துடைத்துவிட்டிருந்தது.

"எல்லாருமேவா?" என்றார் அக்கா.

அந்த ஊர்க்காரர் ஒருவர் அப்போது ஊரில் இல்லாததால் பிழைத்திருந்தார். திஸ்குவாண்டம். 1614-ல் ஓர் ஆங்கிலேயக் கப்பல் தலைவன் அவரையும் அந்த ஊர்க்காரர்கள் பலரையும் ஏமாற்றிக் கப்பலில் ஏற்றி, ஸ்பெயினில் மலாகா துறைமுகத்துக்கு அடிமைகளாக விற்கக் கொண்டுபோனான். எப்படியோ அங்கிருந்து தப்பி லண்டன் போய், ஆங்கிலம் கற்று, 1619-ல் ஊர் திரும்பினார். வீடு இருந்த இடத்தில் எலும்புகள் கிடந்தன. இரண்டு வருடம் கழித்து அதே மண்ணில் பட்டினி கிடந்த ஆங்கிலேயர்களுக்குச் சோளம் போடக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

எப்படிக் கற்றுக்கொடுத்தார் என்பதை அக்காவுக்கு விளக்குவது சுலபமாக இருந்தது. மண்ணைச் சிறு மேடுகளாகக் குவித்து, ஆற்றில் ஏறிவரும் ஹெர்ரிங் மீனை எருவாகப் புதைத்து, மேல் சோளத்தை ஊன்ற வேண்டும். நம் இயற்கை விவசாயிகள் மீன் அமிலம் தெளிக்கிறார்களே, அந்தக் கணக்கு. அந்தப் பகுதி மக்கள் சோளத்தை ஒற்றையாகப் போடுவதில்லை. சோளத்தோடு அவரைக் கொடி. கீழே பரங்கிக் கொடி. சோளத்தட்டையைப் பிடித்து அவரை ஏறும், அவரை வேர் மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும், பரங்கி இலை தரையை மூடிக் களையையும் காய்ச்சலையும் தடுக்கும்.

"ஊடுபயிர்தானே!" என்று அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். "இதுக்கு எதுக்குப் பெரிய விளக்கம்?"

விதையும் அந்த மண்ணுடையதுதான். வந்திறங்கிய முதல் மாதத்தில் கேப் காட் கடற்கரையில் மண்ணுக்குள் கூடையோடு புதைத்து வைத்திருந்த சோளத்தை ஆங்கிலேயர்கள் தோண்டி எடுத்துக்கொண்டார்கள். பிறகு ஈடு கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் எடுத்தபோது யாரையும் கேட்கவில்லை. அந்த விதையைத்தான் வசந்தத்தில் ஊன்றினார்கள். எட்வர்ட் வின்ஸ்லோ என்பவர் 1621 டிசம்பரில் ஊருக்கு எழுதிய கடிதத்தில் கணக்கு இருக்கிறது. சுமார் 20 ஏக்கர் சோளம் போட்டார்கள். இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த பார்லியும் பட்டாணியும் சுமார் 6 ஏக்கர். சோளம் நன்றாக விளைந்தது. பார்லி சுமார். பட்டாணி பூத்த கையோடு வெயிலில் கருகியது.

இந்த மூன்று வரி எனக்கு அந்தக் கடிதத்தின் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. பண்டிகையின் முதல் அறுவடை என்று எதைச் சொல்கிறார்களோ, அது இன்னொருவர் விதை, இன்னொருவர் மண், இன்னொருவர் வித்தை. தாங்கள் கொண்டுவந்த பட்டாணியை நம்பியிருந்தால் விருந்தும் இல்லை, அடுத்த குளிரைத் தாண்டியிருக்கவும் மாட்டார்கள்.

விருந்து நடந்தது. அதே கடிதம்தான் அதற்கும் முக்கிய சாட்சி. அறுவடை முடிந்ததும் நாலு பேர் பறவை வேட்டைக்குப் போய் ஒரு வாரத்துக்கான இறைச்சி கொண்டுவந்தார்கள். துப்பாக்கி சுட்டுப் பழகினார்கள். வாம்பனோவாக் தலைவர் மாசசாய்ட் சுமார் 90 ஆட்களோடு வந்தார். வந்தவர்கள் ஐந்து மான்களை வேட்டையாடிக் கொடுத்தார்கள். மூன்று நாள் சாப்பாடு. ஆங்கிலேயர்கள் அப்போது ஐம்பது பேர் சுமாருக்குத்தான் மிஞ்சியிருந்தார்கள்; விருந்தாளிகள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அழைத்தார்களா, வெடிச் சத்தம் கேட்டு என்னவோ என்று வந்தார்களா என்பது பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. வான்கோழி என்ற சொல்லும் இல்லை. 'நன்றி நாள்' என்ற பெயரும் இல்லை. அவர்கள் வழக்கத்தில் நன்றி நாள் என்பது தேவாலயத்தில் வழிபாட்டுக்கு ஒதுக்கிய நாள்.

மாசசாய்ட் எதற்காக வந்து உறவாடினார்? அக்கா கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். பள்ளிப் புத்தகங்களில் அவர் வெறும் நல்ல மனசுக்காரராக வருகிறார். அவர் ஓர் அரசியல்வாதி. கொள்ளைநோயில் அவர் மக்கள் பெருமளவு அழிந்திருக்க, மேற்கே இருந்த நாரகன்செட் மக்கள் அந்த நோயில் அவ்வளவாகச் சேதப்படாமல் பலத்தோடு இருந்தார்கள். துப்பாக்கி வைத்திருந்த புதியவர்களோடு உடன்படிக்கை செய்துகொள்வது அவருக்குத் தற்காப்பு. அந்த உடன்படிக்கையை உயிரோடிருந்தவரை அவர் மீறவில்லை. அவருக்குப் பின் நிலம் நிலமாகப் பறிபோய், 1675-ல் அவர் மகன் மெட்டகாம் போர் தொடுத்தார். 1676 ஆகஸ்டில் கொல்லப்பட்டார். அவர் தலை பிளிமத்துக்கு வந்து சேர்ந்த அன்று அங்கே நன்றி நாள் வழிபாடு நடந்துகொண்டிருந்தது. அந்தத் தலையைக் கம்பத்தில் செருகி ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தார்கள்.

அக்கா கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. "விருந்து சாப்பிட்ட ஊர்லயேவா" என்றார்.

அதே ஊரில். 55 வருடம் கழித்து.

இனி அந்த வியாழக்கிழமை. 1621 விருந்தை இருநூறு வருடம் யாரும் பண்டிகையாக நினைவு வைத்திருக்கவில்லை. வடகிழக்கு மாநிலங்களில் இலையுதிர் காலத்தில் கவர்னர் அறிவிக்கும் நாளில் கோயிலுக்குப் போய், வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் வீடு திரும்பிச் சேர்ந்து சாப்பிடுவது என்ற வழக்கம் வளர்ந்தது. 1789-ல் ஜார்ஜ் வாஷிங்டன் நவம்பர் 26, வியாழக்கிழமையை ஒரு தடவை நாடு முழுவதற்கும் நன்றி நாளாக அறிவித்தார். பின்னால் ஜனாதிபதியான ஜெபர்சன் அப்படி அறிவிக்க மறுத்துவிட்டார், மதக் காரியத்தில் அரசு தலையிடக் கூடாது என்பது அவர் எண்ணம். மற்றபடி மாநிலத்துக்கு ஒரு நாள், சில மாநிலங்களில் நாளே இல்லை.

இதை மாற்றியவர் சாரா ஜோசபா ஹேல். நம் குழந்தைகள் எல்கேஜியில் பாடுகிறார்களே, மேரியும் அவள் ஆட்டுக்குட்டியும், அந்தப் பாட்டை 1830-ல் வெளியிட்டவர். 1822-ல் கணவர் இறந்தபின் கையில் ஐந்து குழந்தைகள். எழுதியே பிள்ளைகளை வளர்த்தார். கடைசிவரை கறுப்பு உடைதான் அணிந்தார். 1837-லிருந்து நாற்பது வருடம் 'கோடிஸ் லேடீஸ் புக்' என்ற பெண்கள் பத்திரிகையின் ஆசிரியர். நாடு முழுவதும் ஒரே நாளில் ஒரே மேசையில் உட்கார்ந்தால் வடக்கும் தெற்கும் உடையாது என்று நம்பினார். வருடம் தவறாமல் தலையங்கம் எழுதினார். கவர்னர்களுக்கும் ஒருவர் பின் ஒருவராக வந்த ஜனாதிபதிகளுக்கும் கடிதம் எழுதினார். நாடு உடைந்தே விட்டது. உள்நாட்டுப் போரின் நடுவில், 1863 செப்டம்பர் 28-ல், ஜனாதிபதி லிங்கனுக்கு எழுதினார். ஒரு வாரத்துக்குள், அக்டோபர் 3-ல், நவம்பர் கடைசி வியாழக்கிழமை நன்றி நாள் என்று லிங்கன் அறிவித்தார். அந்த அறிவிப்பில் 1621 பற்றிப் பேச்சே இல்லை. விளைந்த வயல்களைப் பற்றி இருக்கிறது. போரில் விதவைகளும் அநாதைகளுமாக ஆனவர்களைப் பற்றி இருக்கிறது. கறுப்பு உடுத்திய ஒரு பெண் கேட்டு வாங்கிய நாள் அது. அந்த வகையில் அதன்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

பிளிமத் விருந்து இதன் தலைமேல் பின்னால் ஏற்றப்பட்டது. 1841-ல் அலெக்சாண்டர் யங் என்பவர் வின்ஸ்லோவின் கடிதத்தை மறுபதிப்பு செய்தபோது, அதுதான் முதல் தேங்க்ஸ்கிவிங் என்று ஓர் அடிக்குறிப்பு போட்டார். அந்தக் குறிப்பு மெல்ல மெல்ல வளர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் மக்கள் வந்து குவிந்தபோது, அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல நாட்டுக்கு ஒரு பிறப்புக் கதை தேவைப்பட்டது. பள்ளிக்கூடம் அதை எடுத்துக்கொண்டது. கதையில் விருந்து தங்கியது. விதையும் திஸ்குவாண்டத்தின் செத்த ஊரும் மெட்டகாமின் தலையும் உதிர்ந்துபோயின. 1939-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கடைக்காரர்களின் வியாபாரத்துக்காகப் பண்டிகையை ஒரு வாரம் முன்னுக்கு இழுத்தார். பாதி மாநிலங்கள் ஒத்துக்கொள்ளாமல் இரண்டு பண்டிகையானது. 1941 சட்டம் நான்காம் வியாழன் என்று முடித்துவைத்தது.

"சாப்பாடு என்ன?"

சுட்ட வான்கோழி, அதனோடு ரொட்டித் துண்டுகளை மூலிகையோடு வேகவைத்த ஸ்டஃபிங், மசித்த உருளைக்கிழங்கு, கிரான்பெரி சாஸ், பரங்கிக்காய்ப் பை. கிரான்பெரி நம் களாக்காய் மாதிரி வெறும் வாயில் சாப்பிட முடியாத புளிப்பு. சர்க்கரை சேர்த்துக் காய்ச்சினால் தித்திக்கும். 1621-ல் இவற்றில் பாதி கிடையாது. உருளைக்கிழங்கு அங்கே வரவில்லை. சாஸ் காய்ச்சச் சர்க்கரை இல்லை. பை செய்யக் கோதுமை மாவும் இல்லை.

பரங்கி என்றதும் அக்கா நிமிர்ந்தார். பொங்கலன்று அவர் வைக்கும் கூட்டில் அவரை, மொச்சை, சர்க்கரைவள்ளி, பரங்கி எல்லாம் உண்டு. இதில் பரங்கியும் சர்க்கரைவள்ளியும் அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடிகள் ஆயிரக்கணக்கான வருடம் பயிர்செய்து பெருக்கியவை. கப்பலேறி வந்த ஐரோப்பியர்கள் வழியாக நமக்கு வந்தவை. பரங்கியர் கொண்டுவந்த காய் என்று பெயரிலேயே இருக்கிறது. கொண்டுவந்தவன் பெயரைக் காய்க்கு வைத்தோம். விளைவித்தவர் பெயர் நம் வரைக்கும் வரவில்லை.

"அவங்கள்லாம் இப்ப இருக்காங்களா?"

இருக்கிறார்கள். மாசசூசெட்ஸின் அக்வின்னா என்ற ஊரில் வாம்பனோவாக் மக்கள் ஒவ்வொரு அக்டோபரிலும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை கிரான்பெரி நாள் கொண்டாடுகிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல், பெரியவர்களோடு சேர்ந்து சதுப்பு நிலத்தில் காட்டுப்பழம் பறிக்கிறார்கள், சேர்ந்து சாப்பிடுகிறார்கள். அக்கா முதலில் கேட்டாரே, அவர்கள் ஊர்ப் பொங்கல் எது என்று, என் கணக்கில் இதுதான். பழம் பழுக்கும்போது வருகிறது, பழம் கொடுத்த மண்ணிலேயே நடக்கிறது.

நவம்பர் வியாழக்கிழமை அவர்களில் பலருக்குத் துக்க நாள். 1970-ல் பிளிமத்தில் கப்பல் வந்த 350-ஆம் ஆண்டு விழாவுக்குப் பேச அழைக்கப்பட்ட வாம்சுட்டா ஃபிராங்க் ஜேம்ஸ் என்ற வாம்பனோவாக் பெரியவர், நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தார். விழாக்காரர்கள் மாற்றி எழுதச் சொன்னார்கள், மறுத்துவிட்டார். அந்த தேங்க்ஸ்கிவிங் அன்று கோல்ஸ் ஹில் என்ற குன்றின்மேல், கடலைப் பார்த்து நிற்கும் மாசசாய்ட் சிலையருகே, தன் மக்களோடு கூடினார். இன்றைக்கும் வருடா வருடம் அங்கே கூடுகிறார்கள்.

அக்கா டம்ளர்களை எடுத்துக்கொண்டார். முகத்தில் ஒரு யோசனை. "அப்போ இவளை அந்த விருந்துக்குப் போக வேண்டாம்னு சொல்லணுமா?"

வேண்டாம், போகட்டும் என்றேன். தூர தேசத்தில் தனியாக இருக்கும் பெண்ணை ஒரு குடும்பம் தன் மேசைக்கு அழைக்கிறது. எந்த மதத்தாரும் உட்காரலாம். பரிசுக் கட்டாயம் கிடையாது. பெரும்பாலும் ஆளுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுபோவார்கள்.

"பரங்கிக்காய்ப் புளிக்கூட்டு பண்ணிக்கிட்டுப் போகட்டும். நான் போன்ல சொல்லித் தர்றேன்." படியிறங்கிப் போனவர் பாதித் தெருவில் திரும்பினார். "சோளம் போடச் சொல்லிக்கொடுத்தாரே, ஊரே செத்துப்போச்சே, அவர் பேர் என்னன்னு சொன்னே?"

"திஸ்குவாண்டம்."

இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். மூன்றாம் தடவை சரியாக வந்தது.