டிரில் வாங்கும் முன் சுவரைத் தட்டிப் பாருங்கள்

வீட்டு வேலைக்குக் கார்ட்லெஸ் டிரில் வாங்கப் போனால் முதலில் காதில் விழுவது வோல்ட் கணக்குதான். 12, 18, 20, 21 என்று எண் ஏற ஏற விலையும் ஏறுகிறது. இணையச் சந்தையில் 48, 88 என்று அச்சிட்ட பெட்டிகளும் கிடைக்கின்றன. மும்பையில் குடியிருப்பவருக்கு இந்த எண்களால் பெரிய பயன் இல்லை. தாராவி வீடொன்றில் அலுக்காமல் உழைக்கும் அதே கருவி, செம்பூரின் புதிய அடுக்குமாடியில் அரை அங்குலம் இறங்குவதற்குள் திணறிவிடக்கூடும். கருவியில் குறையில்லை, சுவர்தான் வேறு. எந்தச் சுவர், என்ன வேலை என்ற இரண்டையும் முதலில் தீர்மானித்துக்கொண்டால் கடையில் குழம்பவே வேண்டியதில்லை.

மாட்டுங்காவில் 1930களிலும் 40களிலும் எழுந்த ஆர்ட் டெகோ கட்டடங்களில் தூணும் உத்தரமும் கான்கிரீட்; இடையே நிரப்பியது பெரும்பாலும் செங்கல். தாராவியில் அரைச் செங்கல் சுவர், இரும்பு ஆங்கிளில் முடுக்கிய தகரம், மாடிக்குப் பலகை அல்லது பிளைவுட் என்று ஒரே வீட்டில் மூன்று பொருளும் இருக்கும். செம்பூர் திலக் நகரைப் போலப் பழைய வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளை இடித்துக் கோபுரங்கள் கட்டும் இடங்களில் இரண்டு வகைச் சுவர்களைக் காணலாம். ஒன்று, சிப்போரெக்ஸ் என்று கொத்தனார்கள் சொல்லும் இலகு பிளாக். இன்னொன்று, மைவான் எனப்படும் அலுமினிய அச்சுக்குள் சுவரையும் தளத்தையும் சேர்த்து வார்த்த முழுக் கான்கிரீட். இலகு பிளாக் தாங்கும் அமுக்கம் சதுர மில்லிமீட்டருக்கு 3 முதல் 5 நியூட்டன் வரை. எம்25 கான்கிரீட் 25 நியூட்டனைத் தாங்கும். வெளிப்பூச்சையும் பெயின்ட்டையும் பார்த்து இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது. சிறிய துளை ஒன்று போட்டால் உதிரும் தூள் காட்டிக்கொடுத்துவிடும். பூச்சைத் தாண்டியதும் சிவப்புத் தூள் வந்தால் செங்கல். வெளிர்சாம்பல் மாவாகச் சட்டென்று கொட்டினால் இலகு பிளாக். துளைக்கும் பிட் சூடேறியும் துளை ஆழமாகவில்லை என்றால் கான்கிரீட்.

இந்த மூன்றுக்கும் மூன்று விதமான கருவிகள் இருக்கின்றன. சாதாரண டிரில் பிட்டைச் சுழற்ற மட்டுமே செய்யும்; மரம், தகரம், இலகு பிளாக் ஆகியவற்றுக்கு அது போதும். ஹேமர் டிரிலுக்குள் பல் வெட்டிய இரண்டு வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கிப் பிட்டை அதிரவைக்கின்றன. நிமிடத்துக்கு இருபதாயிரம் அடி என்று பெட்டியில் போட்டிருந்தாலும் ஒவ்வோர் அடியும் மிக மெல்லியது. நம் கை கொடுக்கும் அழுத்தம்தான் அதற்குப் பலம். செங்கல்லுக்கு ஏற்ற கருவி இதுவே. கான்கிரீட்டிலோ ஜல்லி குறுக்கிட்டதும் தேய்த்துக்கொண்டே நிற்கும். ரோட்டரி ஹேமரில் ஒரு பிஸ்டன் காற்றை அமுக்க, அந்த விசை பிட்டின் பின்பக்கத்தை அடிக்கிறது. நிமிடத்துக்கு நாலைந்தாயிரம் அடிதான், ஆனால் சிறிய ரோட்டரி ஹேமரில்கூட ஓர் அடிக்கு ஒன்று முதல் இரண்டு ஜூல் ஆற்றல் உண்டு. அடிக்கு ஈடுகொடுத்து முன்னும் பின்னும் நகரும்படி இதன் பிட்டில் பள்ளம் வெட்டியிருக்கும். எஸ்டிஎஸ் எனப்படும் அந்த அமைப்பு 1970களில் பாஷ் நிறுவனம் கொண்டுவந்தது. கான்கிரீட்டைத் துளைப்பதில் இந்த அடியின் கனத்துக்கு இருக்கும் பங்கு வோல்ட்டுக்குக் கிடையாது.

வீட்டில் டிரிலுக்கு வரும் வேலைகளில் பெரும்பகுதி சுவரைத் தொடுவதே இல்லை. அலமாரிக் கீல், சமையலறை டிராயர், கட்டில், நாற்காலி என்று எல்லாம் திருகாணி முடுக்கும் வேலை. இதற்கு வேண்டியது நிதானம். பிட்டைப் பிடிக்கும் ‘சக்’ பகுதியை ஒட்டி எண்கள் போட்ட வளையம் இருக்கிறதே, அதுதான் கிளட்ச். வைத்த அளவு முறுக்கு வந்ததும் அது பிடியை விட்டுவிடும். திருகாணியின் தலை வழுக்காமல், பலகை பிளக்காமல் காப்பது அதுவே. ஹேமர் வசதியுள்ள 12 வோல்ட் கருவி ஒரு கிலோவை ஒட்டிய எடையில் ஏறத்தாழ 30 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது. கீல் திருகாணிக்கு இதில் பாதிகூடத் தேவைப்படாது. இரண்டு வேகம், 10 மில்லிமீட்டர் சக், கிளட்ச், இரண்டு பேட்டரி ஆகியவை இருந்தால் செங்கல் வீட்டுக்கும் இலகு பிளாக் வீட்டுக்கும் அது போதுமானது. இலகு பிளாக்கில் ஹேமரை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் துளை அகன்று, திருகாணிக்காகச் செருகும் ராவல் பிளக் பிடிக்காது. டைல்ஸிலும் ஹேமர் இல்லாமல்தான் தொடங்க வேண்டும்.

இனி அந்த வோல்ட் கணக்கு. ஒரு லித்தியம் அயான் செல்லின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட்; முழுதாக ஏற்றியதும் 4 வோல்ட்டைச் சற்றே தாண்டும். ஐந்து செல்லைச் சராசரியில் கணக்கிட்டால் 18. அதே ஐந்தை உச்சத்தில் கணக்கிட்டால் 20 அல்லது 21. மூன்று செல் உண்மையில் 10.8, சந்தையில் 12. உண்மையான 48 வோல்ட்டுக்கு ஏறத்தாழ 13 செல் வேண்டும். கைப்பிடியில் மாட்டும் சிறு பேட்டரிக்குள் அதற்கு இடமே இல்லை. ஒப்பிட வேண்டிய எண், பேட்டரியின் மொத்த ஆற்றலைச் சொல்லும் வாட் அவர். 18 வோல்ட், 2 ஆம்பியர் அவர் பேட்டரியில் 36 வாட் அவர் இருக்கும், 10.8 வோல்ட்டில் அதே 2 ஆம்பியர் அவருக்கு 21.6. இந்த எண்ணை அச்சிடாத பேட்டரியை வாங்காமல் விடுவது நல்லது.

‘ஒரே செலவாக 18 வோல்ட் ஹேமர் டிரில் வாங்கிவிட்டால் எல்லா வேலைக்கும் ஆகுமே’ என்பது வழக்கமான மறுப்பு. அடிக்கடி மரவேலை செய்கிறவருக்கும், செங்கல்லில் பெரிய துளை போடுகிறவருக்கும் அது சரிதான். மைவான் சுவரில் அது தரும் லாபம் குறைவு: 6 மில்லிமீட்டர் துளை ஒன்றிரண்டு இறங்கும், அதற்குள் பிட்டும் பொறுமையும் தேய்ந்துவிடும். ‘அப்படியானால் மலிவான, வயர் வைத்த ஹேமர் டிரிலே போதாதா?’ என்று கேட்பதிலும் நியாயம் உண்டு. செங்கல் சுவரில் துளை போடுவது மட்டுமே வேலை என்றால் அதுவே சிக்கனம், பேட்டரி பழுதாகும் கவலையும் இல்லை. ஆனால் அத்தகைய கருவிகள் நிமிடத்துக்கு 3,000 சுற்றை ஒட்டிச் சுழல்பவை. பெரும்பாலானவற்றில் கிளட்ச் இருக்காது. திருகாணி வேலையில் அவை கைக்கு அடங்காது. குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் 225 சதுர அடியில் தொடங்கி இன்று 300 சதுர அடியில் தரப்படும் வீடுகளில், பிளக் பாயின்ட்டும் நிற்கும் இடமும் குறைவு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வருடத்தில் இரண்டு துளைக்கு மேல் வேலை இல்லாதவர் எதையும் வாங்காமல் தச்சரைக் கூப்பிடுவதே புத்திசாலித்தனம். பேட்டரி சும்மா கிடந்தாலும் மூப்படையும். மற்றவர்கள், வீட்டுக்கு ஒரு 12 வோல்ட் கருவி வைத்துக்கொள்ளலாம், கான்கிரீட்டுக்கு மட்டும் ரோட்டரி ஹேமரை வாடகைக்கு எடுக்கலாம். இதைவிடச் சிறந்த ஏற்பாடு ஒன்றும் இருக்கிறது. ஒரு மைவான் கோபுரத்தில் எல்லா வீட்டுச் சுவரும் ஒரே கான்கிரீட்தான். அதற்கான இயந்திரத்தை வீட்டுக்கு ஒன்றாக வாங்குவதைவிட, கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கமே ஒன்றை வாங்கி வைத்துக் கேட்பவருக்குக் கொடுக்கலாம். எந்தச் சுவருக்குள் மின்குழாய் ஓடுகிறது, எது தொடக்கூடாத தூண் என்று காட்டும் வரைபடத்தையும் அதோடு சேர்த்துத் தரலாம். துளை போடும் நேரத்தையும் சங்கமே பகலில் குறித்துவிட்டால், இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி கோரும் 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகளைச் சொல்லி அண்டை வீட்டார் சண்டைக்கு வரவும் வேண்டியிருக்காது.