குதிரை வால் மட்டும் ஞாபகமிருக்கிறதா?

"சார், அஞ்சாவது படிக்கும்போது ஒரு குதிரைக் கதை சொன்னீங்களே, அது எந்தப் புத்தகத்துல இருக்கு? என் பையனுக்கு வாங்கித் தரணும். முழுசா ஞாபகம் வரமாட்டேங்குது."

கீழ்பென்னாத்தூரில் என்னிடம் படித்த பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் இப்படிக் கேட்டார். இப்போது சென்னையில் வேலை பார்க்கிறார். அவருக்கே தலை நரைக்கத் தொடங்கிவிட்டது!

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒருநாள் இப்படி நடக்கும். இன்று சோறு தண்ணீர் மறந்து படிக்கிற கதை, இருபது வருடம் கழித்துப் பாதிதான் நினைவில் இருக்கும். தலைப்பு மறந்துவிடும். எழுதியவர் பெயரும் மறந்துவிடும். குதிரையின் வால் மட்டும் கண்ணுக்குள் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த வாலைப் பிடித்துக்கொண்டு முழுக் குதிரையையும் தேடிப் பிடிக்க முடியுமா? முடியும். துப்பறியும் வேலை மாதிரிதான் அது.

நான் உடனே விடை சொல்லவில்லை. வாத்தியார் புத்தி விடுமா? "ஞாபகம் இருக்கிறதை எல்லாம் முதலில் சொல்லு" என்றேன். அவர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொண்டேன். ஏன் தெரியுமா? விடையைக் கேட்டபிறகு, "ஆமாம், ஆமாம், எனக்கும் அப்படித்தான் ஞாபகம்" என்று நம் மனசு புளுக ஆரம்பித்துவிடும். அதனால் முதலில் எழுதிவிட வேண்டும்.

அவர் சொன்னவை இவை. யாராலும் அடக்க முடியாத ஒரு குதிரை. அதை ஒரு சிறுவன் அடக்குகிறான். அவன் பெரியவனாகி ராஜா ஆகிறான். சண்டை என்று கேள்விப்பட்டதும், கல்யாணத்தை விட்டுவிட்டு அவனுடைய நண்பன் ஓடி வருகிறான். போருக்குப் போகாதே என்று ஒரு சாமி முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. கடைசியில் ராஜா தன் வாளை வானத்தில் எறிகிறான்.

"அப்புறம் சார், ராஜா பார்க்க எம்.ஜி.ஆர். மாதிரியே இருப்பார்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அதுவும் ஒரு துப்புதான். எழுதிக்கொண்டேன்.

செஞ்சிப் பக்கத்துப் பிள்ளைகள் இந்நேரம் கை தூக்கியிருப்பீர்கள். ஆமாம், இது தேசிங்குராஜன் கதை. எங்கள் ஊரில் பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் செஞ்சிக்குப் போய்விடலாம். அதனால் எங்கள் பக்கத்துப் பாட்டிகளுக்கு இந்தக் கதை தண்ணீர் பட்ட பாடு. எனக்கும் என் பாட்டி சொன்னதுதான். நான் வகுப்பில் சொன்னது பாட்டியின் கதை. பாட்டிக்கு யார் சொன்னார்கள்? அந்தப் புத்தகம் எங்கே? தேடலை அங்கேதான் தொடங்கினேன்.

பெரிய எழுத்துப் புத்தகம்

உறவினர் வீட்டுப் பரணில் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதற்குள் பழுப்பேறிய சில புத்தகங்கள். ஒன்றுக்கு அட்டை இல்லை. முதல் நாலைந்து தாள்களும் இல்லை. கரையான் ஓரத்தைத் தின்றிருந்தது. எழுத்து மட்டும் கொட்டை கொட்டையாக இருந்தது.

இவற்றைப் 'பெரிய எழுத்துப் புத்தகம்' என்பார்கள். அந்தக் காலத்தில் சந்தையிலும் திருவிழாவிலும் தரையில் சாக்கு விரித்துப் பரப்பி விற்பார்கள். விலை மலிவு, தாளும் மட்டம். ஆனால் எழுத்து பெரியதாக இருப்பதால், எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களும், கண் மங்கிய பெரியவர்களும் விளக்கு வெளிச்சத்தில் படிக்கலாம். வீட்டில் ஒருவர் ராகம் போட்டுப் படிப்பார். தெருவே உட்கார்ந்து கேட்கும். நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, விக்கிரமாதித்தன் கதை, மதுரைவீரன் கதை எல்லாம் இப்படித்தான் ஊர் ஊராகப் போயின.

அட்டை போன புத்தகத்தின் பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பாருங்கள். பல பழைய புத்தகங்களில் நூலின் பெயரைச் சின்னதாக அச்சடித்திருப்பார்கள். கடைசிப் பக்கத்தையும் பாருங்கள். அச்சகத்தின் பெயரோ, அவர்கள் விற்ற மற்றப் புத்தகங்களின் விலைப்பட்டியலோ இருக்கும். நான் எடுத்த புத்தகத்தில் பக்கத்தின் தலையிலேயே இருந்தது: தேசிங்குராஜன் கதை!

அதைப் படித்துப் பார்த்தபோது என் மாணவர் சொன்னவற்றில் பெரும்பாலானவை அப்படியே இருந்தன. குதிரையின் பெயர் பாராசாரி. டில்லி பாதுஷாவிடம் இருந்த அந்தக் குதிரையைத் தேசிங்கின் தந்தையாலேயே அடக்க முடியவில்லை; சிறுவன் தேசிங்கு அடக்கினான். கல்யாணத்தை விட்டு ஓடி வந்த நண்பனின் பெயர் மகபத்கான். ஒருவன் இந்து, ஒருவன் முஸ்லிம். உயிருக்கு உயிரான நண்பர்கள்.

முகத்தைத் திருப்பிக்கொண்ட சாமி? அது செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரம் என்ற ஊரில் இருக்கும் அரங்கநாதர். மலைப்பாறையைக் குடைந்து செய்த குகைக் கோயில் அது. பள்ளிகொண்ட கோலத்தில் பெருமாள் இருப்பார். தேசிங்கு விடைபெற வந்தபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று இன்றும் அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள்.

எம்.ஜி.ஆர். மட்டும் புத்தகத்தில் இல்லை! 1960இல் 'ராஜா தேசிங்கு' என்று ஒரு திரைப்படம் வந்தது. எம்.ஜி.ஆர். நடித்தது. எங்கள் பக்கத்து டென்ட்டுக் கொட்டகைகளில் வருடக்கணக்காக ஓட்டினார்கள். என் மாணவர் அதைப் பார்த்திருக்கிறார். நான் சொன்ன கதையும், பார்த்த படமும் அவர் மனசுக்குள் ஒன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டன. பாதி மறந்த கதைகளில் எப்போதும் இந்த ஒட்டுவேலை இருக்கும். எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்ப்பதில்தான் சுவாரசியமே.

சரி, தேசிங்கு என்று ஒருவன் உண்மையிலேயே இருந்தானா? இருந்தான்! உண்மைப் பெயர் தேஜ்சிங். புந்தேல ராஜபுத்திரன். தந்தை சொரூப்சிங் செஞ்சிக் கோட்டையின் தலைவராக இருந்தார். அவர் இறந்தபிறகு 1714இல் மகன் பொறுப்பேற்றான். ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கட்ட வேண்டிய பணம் பாக்கி என்று படையோடு வந்தார். அதே ஆண்டு அக்டோபரில் நடந்த சண்டையில் தேஜ்சிங் இறந்தான். ஒரு வருடம்கூட முழுதாக ஆளவில்லை. வயது 22தான் என்பார்கள். சி. எஸ். சீனிவாசாச்சாரி என்ற பேராசிரியர் செஞ்சியின் வரலாற்றை ஆங்கிலத்தில் பெரிய நூலாக எழுதியிருக்கிறார். 1943இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அதில் அரசாங்க ஏடுகள் சொல்வதையும் பார்க்கலாம், மக்கள் பாடிய கதையையும் பார்க்கலாம்.

வரலாற்றில் அவன் எதிரிப் படையின் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானான். கதையில், வானத்தில் எறிந்த வாளைத் தன் மார்பில் ஏந்தி விழுந்தான். ஏன் இப்படி மாற்றினார்கள்? தங்கள் ராஜாவை எதிரியின் குண்டு வீழ்த்தியது என்று பாட அந்த மக்களுக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. இது என் எண்ணம்தான். ஜெயித்த நவாபைப் பற்றி எந்தப் பாட்டியும் கதை சொல்லிக் கேட்டதில்லை. தோற்றவனை 300 வருடமாகப் பாடுகிறார்கள்! அந்தச் செஞ்சிக் கோட்டையை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்திருக்கிறது. மராட்டியர்களின் கோட்டைகள் 12ஐச் சேர்த்தார்கள். அதில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான்.

இருபத்தைந்துக்கு மேலே

எல்லாக் கதையும் இவ்வளவு சுலபமாக அகப்படாது. 'வேதாளம் சொன்ன ஒரு கதை' என்று பலர் தேடுவார்கள். வடமொழியில் வேதாளக் கதைகள் மொத்தம் 25. சுமார் 900 வருடங்களுக்கு முன்னால் காஷ்மீரத்தில் சோமதேவர் எழுதிய 'கதாசரித்சாகரம்' என்ற பெரிய நூலிலும் அவை இருக்கின்றன. ஆனால் 1947 ஜூலையில் தொடங்கிய 'அம்புலிமாமா' பத்திரிகை, பல பத்து வருடங்கள் மாதாமாதம் வேதாளக் கதை போட்டது. வேதாளத்தின் கையிருப்பு தீர்ந்துபோயிற்று! ஆகவே புதுக் கதைகளை எழுதி வேதாளத்தின் வாயில் போட்டார்கள். உங்கள் தாத்தா தேடும் கதை அந்த 25இல் இல்லை என்றால், பழைய அம்புலிமாமாவில்தான் தேட வேண்டும். தோளில் வேதாளத்தைச் சுமந்து, கையில் வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தன் படத்தைத் தாத்தாவிடம் காட்டுங்கள். முகம் மலரும் பாருங்கள். அதை வரைந்த ஓவியர் சங்கர் 2020இல் மறைந்தார்.

அம்புலிமாமா இப்போது வருவதில்லை. பழைய இதழ்களுக்கு எங்கே போவது? பெரும்பாலான வீடுகளில் அவை பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன. கிலோ கணக்கில் எடை போட்டுப் பொட்டலம் மடித்துவிட்டார்கள். பெரிய எழுத்துப் புத்தகங்களின் கதியும் அதேதான். 'இதெல்லாம் ஒரு புத்தகமா?' என்று நூலகங்களிலேயே பலர் ஒதுக்கினார்கள்.

ஒதுக்காத ஒருவர் இருந்தார். செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த முத்தையா. சென்னையில் பெயர்ப் பலகை எழுதும் கடை வைத்திருந்தார். கடையின் பெயர் 'ரோஜா'. அதனால் அவர் ரோஜா முத்தையா ஆனார். பழைய புத்தகக் கடைகளில் பார்ப்பதை எல்லாம் வாங்கினார். இலக்கியம் மட்டுமா? நாடக நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை, பாட்டுப் புத்தகம், சமையல் புத்தகம், வார இதழ், மாத இதழ் எதையும் விடவில்லை. பிறகு எல்லாவற்றையும் கோட்டையூர் வீட்டுக்குக் கொண்டுபோய், பூச்சி அரிக்காமல் காத்தார். 1992இல் அவர் இறந்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் இருந்தன! 1994இல் அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கியது. ஆனால் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகவில்லை. சென்னையிலேயே வைத்து நூலகம் ஆக்கினார்கள். இன்று தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அதுதான். வேறெங்கும் கிடைக்காத தமிழ்ப் புத்தகம் வேண்டுமென்றால், உலகத்தின் மறு கோடியிலிருந்துகூட அங்கே வருகிறார்கள்.

சென்னைக்குப் போக முடியாதவர்கள் உங்கள் ஊர் நூலகரிடம் கேளுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் ஆயிரக்கணக்கான பழைய நூல்களைக் காசில்லாமல் படிக்கலாம். தேடும்போது தலைப்பு தெரியாவிட்டால் கதைமாந்தரின் பெயர், ஊர், குதிரையின் பெயர் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பாருங்கள். எழுத்துப்பிழை இல்லாமல் கொடுங்கள், அவ்வளவுதான்!

பூசணிக்காய்ப் பாட்டி

புத்தகமே இல்லாத கதைகளும் உண்டு. என் பாட்டி சொன்ன இன்னொரு கதை அப்படிப்பட்டது.

ஒரு கிழவி காட்டு வழியாக மகள் வீட்டுக்குப் போகிறாள். நரி, கரடி, புலி ஒவ்வொன்றாக வந்து மறிக்கின்றன. "எலும்பும் தோலுமாக இருக்கேன், மகள் வீட்டில் சாப்பிட்டுக் கொழுத்து வரேன், அப்புறம் தின்னு" என்று தப்பிக்கிறாள். திரும்பும்போது ஒரு பெரிய பூசணிக்காய்க்குள் உட்கார்ந்து உருண்டு வருகிறாள்.

இதே கிழவி வங்காளத்தில் சுரைக்காய்க்குள் உருளுகிறாள். திரைப்பட மேதை சத்யஜித் ராயின் தாத்தா உபேந்திரகிஷோர், 1910இல் வெளியிட்ட குழந்தைக் கதைப் புத்தகத்தில் அதை எழுதி வைத்தார். ஈரான் நாட்டுப் பாட்டிகளும் பூசணிக்காயில் உருளும் கிழவியின் கதையைச் சொல்கிறார்கள். யாரிடமிருந்து யாருக்குப் போனதோ! இப்படி நாடு நாடாகச் சுற்றும் கதைகளுக்கு அறிஞர்கள் நம்முடைய வருகைப் பதிவேடு மாதிரி எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள். 1910இல் பின்லாந்துக்காரர் ஆன்டி ஆர்னே தொடங்கிய வேலை அது. சிண்ட்ரெல்லா கதையின் எண் 510ஏ.

எனக்கு அந்தக் கதையில் ஒரு துண்டு மட்டும் கிடைக்கவில்லை. பூசணிக்காய் உருளும்போது உள்ளேயிருந்து கிழவி ஒரு பாட்டுப் பாடுவாள். என் பாட்டி கையைத் தட்டிக்கொண்டே அதைப் பாடுவார். மெட்டு காதில் இருக்கிறது, வார்த்தைகள் போய்விட்டன. கீழ்பென்னாத்தூரில் மூன்று பாட்டிகளிடம் கேட்டேன். இருவருக்குக் கதை தெரிகிறது, பாட்டு தெரியவில்லை. மூன்றாமவர், "எங்க அக்காவுக்குத் தெரியும், ஆனா அவ போன மாசம்தான் போயிட்டா" என்றார்.

உங்கள் வீட்டுப் பாட்டிக்கு அந்தப் பாட்டு தெரியுமா? இன்று ராத்திரி சாப்பிட்டதும் கேளுங்கள். கேட்கும்போது பக்கத்தில் ஒரு நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். பாட்டி எந்த ஊரில் பிறந்தவர், யார் சொல்லிக் கேட்டார் என்பதையும் அதே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே எழுதுங்கள், திருத்த வேண்டாம்.