டெரி ஃபாக்ஸின் வேனுக்குள்ளே!

சுருட்டை முடி, அரைக்கால் சட்டை, ஒரு நிஜக் கால், ஒரு செயற்கைக் கால். நெடுஞ்சாலையில் தன்னந்தனியாக ஓடிவரும் டெரி ஃபாக்ஸின் அந்தப் படம் தெரியாத பள்ளிக்கூடக் குழந்தை கனடாவில் இருக்காது. தபால்தலையில் வந்துவிட்டான், ஒரு டாலர் நாணயத்திலும் வந்துவிட்டான். எனக்கோ, அந்தப் படத்தில் அகப்படாத வேன் மேல்தான் கண்! அவனுக்கு ஒரு மைல் முன்னால் போய்க் காத்து நின்ற வேன். அதற்குள் யார் சமைத்தது? யார் யாரோடு சண்டை போட்டார்கள்? வாருங்கள், கதவைத் திறந்தே பார்த்துவிடலாம்.

திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள். இருபதைத் தாண்டிய இரண்டு பையன்கள் மாதக்கணக்கில் குடியிருந்த வண்டி இது. வியர்வையில் ஊறிய சட்டைகள், கழுவக் காத்திருக்கும் பாத்திரங்கள். அந்த நாற்றத்தைப் பற்றிக் கூட இருந்தவர்கள் பின்னாளில் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். வண்டி ஃபோர்டு கம்பெனி கொடுத்தது. பெட்ரோல் இம்பீரியல் ஆயில். ஷூ அடிடாஸ். ஓட்டுவது, சமைப்பது, தண்ணீர் நீட்டுவது, மைல் கணக்குப் பார்ப்பது எல்லாம் டக் ஆல்வர்ட், ஸ்கூல் நாளிலிருந்தே கூட்டாளி. ஒரு மூலையில் பாட்டிலில் கடல் தண்ணீர்! 1980 ஏப்ரல் 12 அன்று நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் துறைமுகத்தில் செயற்கைக் காலை அட்லாண்டிக் கடலில் நனைத்துவிட்டு, டெரி மொண்டு வைத்த தண்ணீர். நாட்டின் மறுகோடியில், பசிபிக் கடலில் அதை ஊற்ற வேண்டும் என்பது திட்டம். புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டக் கனடாவைக் குறுக்கே ஓடிக் கடக்கப் போகிறான், வயது 21!

விடியற்காலை ஐந்து மணிக்கு முன்பே, இருட்டோடு இருட்டாக இறங்கிவிடுவான். முந்தின நாள் எங்கே நின்றானோ அதே இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஓரடி தள்ளி ஆரம்பிப்பதுகூட அவனுக்கு ஆகாது. டக் ஒரு மைல் தூரம் ஓட்டிப்போய் வேனை நிறுத்துவான். டெரி வந்து சேருவான். ஒரு மடக்குத் தண்ணீர். மறுபடி அடுத்த மைல். இப்படியே 26 மைல், அதாவது 42 கிலோமீட்டர். முழு மாரத்தான், தினம் தினம்!

இப்போது அந்தச் செயற்கைக் காலைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். இன்றைய ஓட்டக்காரர்கள் மாட்டும் வளைந்த கார்பன் தகடு அப்போது கிடையாது. நடப்பதற்காகச் செய்த செயற்கைக் காலைத்தான் ஓட்டத்துக்குத் தோதாக மாற்றியிருந்தார்கள். இடுப்பில் ஒரு பெல்ட், பின்தங்கும் காலை முன்னுக்கு இழுக்க ஓர் எலாஸ்டிக் பட்டை. ஒவ்வொரு அடியிலும் அந்தக் காலின் ஸ்பிரிங் பழைய நிலைக்குத் திரும்பக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்கு நல்ல காலில் ஒரு குதி அதிகம் போடுவான். குதி, குதி, தத்தல்! தார் ரோட்டில் எழும் அந்தச் சத்தத்தை ஒரு தடவை பழைய படச்சுருளில் கேட்டுவிட்டால் காதை விட்டுப் போகாது. கால் எடுத்த இடம் கொப்பளித்து ரத்தம் கசியும். வேனுக்குள் வந்து உட்காருவான், துடைப்பான், மறுபடி இறங்குவான்.

சண்டை வராமல் இருக்குமா? வந்தது! வலி, தூக்கமின்மை, நாள் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பது. நோவா ஸ்கோஷியா போய்ச் சேர்வதற்குள் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே நின்றுபோனது. பெற்றோர் விமானம் பிடித்து வந்து சமாதானம் செய்து வைத்தார்கள். அப்புறம் தம்பி டாரல், 17 வயசு, வேனில் ஏறிக்கொண்டான். அவன் அடித்த ஜோக்குகளில் வண்டிக்குள் மறுபடி சிரிப்பு வந்தது. மகத்தான காரியம் என்று பிற்பாடு கொண்டாடுகிறோமே, அது இப்படி ஒரு தம்பி இடையில் புகுந்து சிரிக்க வைத்ததால்தான் நகர்ந்தது. எனக்கு இந்தச் செய்தி அத்தனை பிடிக்கும்!

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது? போர்ட் கொகிட்லம் ஊரில் எட்டாம் வகுப்பு படிக்கும்போது டெரிக்கு உயரம் சுமார் ஐந்தடி. பாஸ்கட்பால் என்றால் உயிர். நீ ஓட்டப் பயிற்சிக்குப் போயேன் என்று கோச் சொல்லிப் பார்த்தார். ஓட்டத்திலும் சேர்ந்தான், பாஸ்கட்பாலையும் விடவில்லை. அந்த சீசன் முழுவதும் அவனுக்குக் கிடைத்த ஆட்ட நேரம் ஒரே ஒரு நிமிஷம்! பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியின் சிறந்த விளையாட்டு வீரர் விருதை டக்கும் டெரியும் பகிர்ந்து வாங்கினார்கள். சைமன் ஃப்ரேஸர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து அங்கே ஜூனியர் அணியிலும் இடம் பிடித்தான். உடற்பயிற்சி ஆசிரியராக வேண்டும் என்பது கனவு.

1977 மார்ச்சில் முழங்கால் வலி தாங்காமல் டாக்டரிடம் போனால், எலும்புப் புற்றுநோய். மார்ச் 9 அன்று வலது காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அதற்கு முந்தின இரவு, பள்ளிக்கூட கோச் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு ஒரு பத்திரிகையை எடுத்து வந்து கொடுத்தார். ஒரு கால் இழந்தும் நியூயார்க் மாரத்தானை ஓடி முடித்த டிக் டிராம் பற்றிய கட்டுரை அதில் இருந்தது. கனடாவைக் கடக்கும் ஆசைக்கு விதை அங்கேதான்.

பதினாறு மாதம் கீமோதெரபி. அந்த வார்டில் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகள் படும் பாட்டை அவன் பார்த்தான். இன்னொரு விஷயமும் தெரிந்துகொண்டான்: அவன் பிழைக்க 50 சதவீத வாய்ப்பு உண்டு என்றார்கள் டாக்டர்கள், இரண்டே வருஷம் முன்பு வந்திருந்தால் அது 15 சதவீதம்தான். வித்தியாசம் ஆராய்ச்சி. ஆராய்ச்சிக்குத் தேவை பணம். கணக்கு அவ்வளவுதான்!

நடுவில் சக்கர நாற்காலி விளையாட்டு வீரர் ரிக் ஹேன்சன் கூப்பிட்டு சக்கர நாற்காலி பாஸ்கட்பாலிலும் இறக்கிவிட்டார். தேசியப் பட்டங்கள் வந்தன. 1979 பிப்ரவரியில் ஓட்டப் பயிற்சி ஆரம்பம், முதலில் அரை மைல். அந்த ஆண்டு செப்டம்பர் வாக்கில் பிரின்ஸ் ஜார்ஜ் நகரப் பந்தயத்தில் எல்லோருக்கும் கடைசியாக வந்தான். எல்லைக் கோட்டில் நின்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே கை தட்டினார்கள். அதற்குப் பிறகுதான் கனடாவைக் கடக்கும் ரகசியத்தை வீட்டில் உடைத்தான். உனக்கென்ன பைத்தியமா என்று அம்மா பெட்டி கேட்டார். அப்பா ரோலி கேட்டது ஒரே கேள்விதான்: எப்போது?

சரி, ஓட்டத்துக்கு வருவோம். ஆரம்பத்தில் வரவேற்பு எல்லா ஊரிலும் கிடைத்துவிடவில்லை. கியூபெக்கில் யார் இவன் என்று பலருக்கும் தெரியவே தெரியாது. ஆனால் அதற்கு முன்னாலேயே போர்ட் ஓ பாஸ்க் என்ற சின்ன ஊர், ஜனத்தொகை சுமார் பத்தாயிரம், பத்தாயிரம் டாலர் கொடுத்திருந்தது. தலைக்கு ஒரு டாலர்! நாடு முழுக்க இப்படியே கொடுத்தால் 2 கோடியே 40 லட்சமாயிற்றே என்று பையன் இலக்கையே மாற்றிவிட்டான். ஒன்டாரியோவில் பேண்டு வாத்தியம், டொரன்டோ நகர மன்றச் சதுக்கத்தில் பத்தாயிரம் பேர், ஐஸ் ஹாக்கி நட்சத்திரம் டாரில் சிட்லர் தன் ஆல்-ஸ்டார் ஜெர்சியையே கையில் கொடுத்தார். ஆனாலும் எனக்குப் பிடித்த காட்சி வேறு. டெரஸ் பே அருகே, அதே நோயில் கால் இழந்த பத்து வயதுப் பையன் ஒருவன் வந்தான். இரண்டு பேரும் ஏரியில் நீந்தினார்கள். அப்புறம் டெரி ஓட, அவன் பின்னாலேயே சைக்கிளில் வந்தான்!

பொருள் விளம்பரத்துக்கு மட்டும் டெரி இடம் கொடுக்கவில்லை. இதில் யாரும், தான் உட்பட, ஒரு டாலர்கூட லாபம் பார்க்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி.

செப்டம்பர் 1. தண்டர் பே நகருக்கு வெளியே. இருமல், நெஞ்சு வலி. சாலையோரம் ஜனங்கள் கை தட்டிக்கொண்டிருந்ததால் நிற்க மனம் வரவில்லை. ஆள் நடமாட்டம் ஓயும் வரை இன்னும் ஒரு மைல் ஓடினான். பிறகு வேனில் ஏறி, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னான் டக்கிடம். புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. 143 நாள், 5,373 கிலோமீட்டர். ஒரு வாரத்தில் சி.டி.வி. தொலைக்காட்சி நடத்திய நிகழ்ச்சியில் ஒரு கோடி டாலருக்கு மேல் குவிந்தது. 1981 பிப்ரவரியில் தலைக்கு ஒரு டாலர் என்ற இலக்கே நிறைவேறிவிட்டது, அதை அவன் கண்ணால் பார்த்தான். ஜூன் 28 அன்று, 22 வயதில் காலமானான்.

வேன் என்ன ஆயிற்று? கை மாறி மாறி, வான்கூவரில் ஒரு ஹெவி மெட்டல் இசைக்குழுவின் பயண வண்டியாக ஓடிக்கொண்டிருந்தது! குடும்பத்துக்குச் சேதி போய், ஃபோர்டு கம்பெனியே புதுப்பித்து, 2008இல் மறுபடி கனடா முழுக்கப் பணம் திரட்டக் கிளம்பியது.

அவன் பெயரில் 1981 முதல் நடக்கும் ஓட்டங்களில் இதுவரை 85 கோடி டாலருக்கு மேல் சேர்ந்திருக்கிறது. டொரன்டோ பள்ளிகளில் நம் தமிழ்ப் பிள்ளைகளும் செப்டம்பர்தோறும் ஓடுகிறார்கள். சென்னையில் ஐஐடி வளாகத்திலும் இந்த ஓட்டத்தை நடத்தியிருக்கிறார்கள். முதல் பரிசு கிடையாது, யார் எத்தனை நிமிஷம் என்ற கணக்கும் கிடையாது. உங்கள் ஊரில் நடந்தால் கட்டாயம் போங்கள். ஓட முடியாவிட்டால் நடங்கள். கையில் கொஞ்சம் பணமும் எடுத்துக்கொள்ளுங்கள், அது புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போகும்.