உயிர்மருந்தும் விலைச்சீட்டும்

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஸ்டிராபெரி பயிரிடுவோர், இலையை அரிக்கும் வெட்டுப்புழுவைக் கண்டு கலங்கி, ‘இயற்கை மருந்து’ என்று கடைக்காரர் நீட்டியதைச் சீட்டுக்கூட வாங்காமல் கொண்டுபோய்த் தெளித்து, பலன் கிட்டாதபோது புட்டியையும் எறிந்துவிட்டுப் பிறகு முறையிட வருவதைப் பலமுறை கண்ட பின்னும் வாளாவிருப்பது நியாயமன்று.

1901-இல் ஜப்பானில் பட்டுப்புழுக்களின் நோய்க்குக் காரணமாக அறியப்பட்ட பி.டி. என்னும் பாக்டீரியாவே இந்த உயிர்மருந்து; அது இலையோடு உண்ணப்பட்டுப் புழுவின் காரத்தன்மையுள்ள குடலை அடைந்ததும், அதன் படிகப் புரதம் கரைந்து குடற்சுவரைத் துளைக்கிறது. சில மணி நேரத்தில் புழு தீனியை நிறுத்துமாயினும், அது மடிய இரண்டு முதல் ஐந்து நாள் ஆகலாம். மறுநாள் காலையில் உயிரோடிருக்கும் புழுவைப் பார்த்துப் பொறுமையிழந்து ரசாயன விஷத்தைக் கொட்டுவது, தோலோடு தின்னும் கனிக்கும் அதைத் தின்னும் குழந்தைக்கும் இழைக்கும் துரோகம். வெயில் இம்மருந்தின் வீரியத்தைக் குலைப்பதால், புழு சிறிதாயிருக்கும்போதே மாலையில் தெளிக்க வேண்டும். அசுவினி, இலைப்பேன், செம்பேன் ஆகியவற்றுக்குப் புழுவைக் கொல்லும் இம்மருந்து உதவாது. மல்பெரித் தோட்டத்தின் அருகில் இதைப் பிரயோகித்தலும் ஆகாது.

உயிர்மருந்தென்ற பெயரில் ரசாயனத்தைக் கலந்து விற்கும் அக்கிரமமும் உண்டு. தெளித்த சில நிமிஷங்களில் புழுக்கள் துடித்து விழுந்தால், மகிழாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பி.டி.யும் பதிவு பெற்றே விற்கப்பட வேண்டும். ஆதலால் பதிவு எண், உற்பத்தி உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி ஆகிய ஐந்தையும் உறையில் பாருங்கள். பதிவு எண் இல்லையேல் வாங்காதீர்கள். தொகுதி எண் குறித்த விலைச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். திறந்த புட்டி சான்றாக நிற்பது அரிதாகையால், அதே தொகுதியில் ஒன்றைத் திறவாமல் வைத்திருங்கள்.

சந்தேகம் எழுந்தால், வேளாண்மைத் துறையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவிலுள்ள பூச்சிமருந்து ஆய்வாளருக்கு எழுத்து மூலமாக மனு கொடுங்கள். அவர் கடையில் எடுக்கும் மாதிரியை மூன்றாகப் பகுத்து முத்திரையிட்டு, ஒன்றைக் கடைக்காரரிடமும், ஒன்றைப் பகுப்பாய்வாளரிடமும், மற்றொன்றை நீதிமன்றத்திலும் சேர்ப்பிக்க வேண்டும். பகுப்பாய்வு அறிக்கை 30 நாளில் வரவேண்டும். ‘பார்க்கலாம், போய்வாருங்கள்’ என்று வாய்ச்சமாதானம் சொல்லி அனுப்புவதையே உத்தியோகமாகக் கொண்டவர்களிடம் வாதாடிப் பயனில்லை. மனுவின் நகலில் தேதியிட்ட ஒப்புகைக் கையொப்பம் பெறாமல் வெளியே வராதீர்கள்.

நஷ்டஈடு வேண்டுவோர் இரண்டாண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். மருந்துக்குக் கொடுத்த விலை 5 லட்ச ரூபாய் வரை இருந்தால் கட்டணமில்லை. விவசாயியும் நுகர்வோரே என்று விதை வழக்கொன்றில் 2012-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் ஆணையத்திலும் முதலில் கேட்கப்படுவது விலைச்சீட்டுத்தான். ஆகவே மீண்டும் சொல்கிறேன்: சீட்டில்லாமல் மருந்து வாங்காதீர்கள்.