ஆறாத கருங்கல்

அடுப்பை அணைத்து நெடுநேரமான பின்பும், சாம்பலைக் கிளறினால் உள்ளே தணல் கனன்றுகொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பூமிக்கடியிலும் அத்தகைய தணல்கள் உண்டு. அவற்றை மூடியிருப்பது சாம்பலன்று. கிலோமீட்டர் கணக்கில் கனமுள்ள பாறை.

ஆழத்திலிருந்து எழும் பாறைக்குழம்பு முழுவதும் எரிமலை வாய் வழியே வெளியே வந்துவிடுவதில்லை. பெரும்பகுதி, சுற்றியுள்ள பாறைகளைப் பிளந்து இடம் பிடித்துக்கொண்டு பாதி வழியிலேயே தங்கி உறைந்துவிடுகிறது. இதையே ஊடுருவிய தீப்பாறை என்கிறோம். பாறை வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே உள்ளே அகப்பட்ட குழம்பு ஆறுவதற்கு ஆயிரக்கணக்கான, சில வேளை இலட்சக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கின்றன. அந்த அவகாசத்தில் படிகங்கள் நிதானமாக வளர்கின்றன. மெருகேற்றிய கிரானைட் பலகையில் வெள்ளையும் சாம்பல் நிறமுமாகத் தெரியும் மணிகள் அவ்வாறு வளர்ந்தவையே.

நாம் காணும் கிரானைட் எல்லாம் ஆறிப்போன பழங்கல். ஆறிக்கொண்டிருக்கும் கிரானைட்டைப் பார்க்க முடியுமா? வடகிழக்கு ஜப்பானில் உள்ள கக்கொண்டாவில் அது முடிந்தது. அங்கே நிலத்தடி நீராவியைக் கொண்டு 1978 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். அந்த நீரைக் கொதிக்க வைப்பது எது என்றறிய 1994-95இல் ஓர் ஆழ்கிணறு துளைத்தனர். ஏறக்குறைய 2,860 மீட்டரில் கிரானைட் தட்டுப்பட்டது. வயதில் அது சில இலட்சம் ஆண்டுகளுக்கு உட்பட்டது. பாறைகளிடையே பச்சைக் குழந்தை எனலாம்! துளை 3,729 மீட்டர் வரை சென்றது. குறிப்பிட்ட வெப்பநிலையில் உருகும் வில்லைகளைக் கிணற்றின் அடிக்கு இறக்கி, எவை உருகின என்று பார்த்தனர். வெப்பம் 500 டிகிரி செல்சியசையும் தாண்டியிருந்தது.

அதைவிட வியப்பானது வேறொன்று. சுமார் 3,100 மீட்டர் வரையில், மழைநீர் விரிசல்கள் வழியே இறங்கிச் சூடேறி மீண்டும் மேலெழுகிறது. உலைப்பானைத் தண்ணீர் போல ஓயாமல் சுழல்கிறது. மின் நிலையத்துக்கு ஆவி தருவது இந்தச் சுழற்சிதான். அதற்குக் கீழே சுழற்சி இல்லை. ஏறத்தாழ 380 டிகிரிக்கு மேல் அங்குள்ள பாறை சற்றே இளகி, விரிசல்கள் மூடிக்கொள்வதே காரணம் என்று விளக்குகிறார்கள். அப்பகுதியில் வெப்பம் பாறை வழியே மெல்லக் கடத்தப்பட்டுத்தான் மேலே வருகிறது. ஆகவே, இன்னும் ஆழமாகத் தோண்டினால் இன்னும் நிறைய ஆவி கிடைக்கும் என்று கணக்குப் போட முடியாது. வெப்பம் இருக்கிறது, அதைச் சுமந்து வர நீரோட்டம் இல்லை.

இன்னும் கீழே போக எண்ணியிருந்தார்கள். ஆனால் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு கிணற்றுக்குள் வரத் தொடங்கியதால் துளைப்பை அத்துடன் நிறுத்திவிட்டனர்.