மஞ்சேரி: மறைந்த ஒரு தொகுதியின் வரலாறு

கேரளத்தில் மஞ்சேரி என்னும் சட்டமன்றத் தொகுதி இன்றும் உண்டு. அப்பெயர் தாங்கிய மக்களவைத் தொகுதி இன்று இல்லை. 1957 முதல் அரை நூற்றாண்டு நிலவிய அத்தொகுதியின் வரலாறு, சிறுபான்மையினரின் பிரதிநிதித்துவம் பற்றிச் சிந்திப்போர் அறியத்தக்கது.

1909ஆம் ஆண்டுச் சட்டம் முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதிகளை அளித்தது. முஸ்லிம் உறுப்பினரை முஸ்லிம் வாக்காளர்களே தேர்ந்தெடுப்பர் என்பதே அம்முறை. விடுதலைக்குப் பின் அது நீடிக்க வேண்டுமென 1947 ஆகஸ்ட் 27இல் அரசியல் நிர்ணய சபையில் திருத்தம் கொணர்ந்தவர் மலபாரைச் சேர்ந்த பி. போக்கர் சாகிபு. 1949 மே மாதத்தில் அதனை மீண்டும் வலியுறுத்தியவர் நெல்லையில் பிறந்த காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிபு. கூட்டுத் தொகுதியில் சமுதாயத்தின் உண்மைக் குரல் ஒலிக்காது என அவர்கள் அஞ்சினர். இரு முயற்சிகளும் தோற்றன. சமய வேறுபாடற்ற ஒரே பொது வாக்காளர் பட்டியலை அரசியலமைப்பின் 325ஆம் பிரிவு நிலைநாட்டியது.

ஆயினும் அப்பொதுப் பட்டியலே அவ்விருவரையும் மக்களவைக்கு அனுப்பியது! 1952இல், சென்னை மாநிலத்திலிருந்த மலப்புரம் தொகுதியில் போக்கர் சாகிபு வென்றார். அத்தேர்தலில் முஸ்லிம் லீகுக்குக் கிடைத்த ஒரே மக்களவை இடம் அதுவே. 1956இல் மலபார் கேரளத்துடன் இணைந்தது. 1957இல் மஞ்சேரியில் வென்றவரும் அவரே. 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் காயிதே மில்லத் அங்கே வெற்றி பெற்றார். 1972இல் அவர் மறைந்தபின், சி.எச். முகம்மது கோயா, இப்ராஹீம் சுலைமான் சேட், இ. அகமது ஆகியோர் அவ்விடத்தைத் தொடர்ந்து வகித்தனர். 2004இல் மார்க்சிஸ்ட் கட்சியின் டி.கே. ஹம்சா வென்றார்.

அவ்வாறாயின் தலைவர்களின் அச்சம் ஆதாரமற்றதா? அவ்வாறு கூறுவதற்கில்லை. மஞ்சேரி, முஸ்லிம்கள் செறிந்து வாழும் பகுதி. அவர்கள் சிதறி வாழும் இடங்களுக்கு அதன் அனுபவம் பொருந்தாது. பொதுப் பட்டியலில் ஒரு சமுதாயத்தின் வாக்கு வலிமையை எண்ணிக்கை மட்டுமன்று, எல்லைக்கோடும் தீர்மானிக்கிறது.

அக்கோடு 2008ஆம் ஆண்டு மறுசீரமைப்பில் மாறியது. நிலம்பூரும் வண்டூரும் வயநாட்டுக்கும், பேப்பூரும் குந்தமங்கலமும் கோழிக்கோட்டுக்கும் சென்றன. 2009 தேர்தலில் மலப்புரம் என்ற பழம்பெயர் மீண்டது. பெயர் மறைவது பேரிழப்பன்று. ஆனால் எல்லைகள் திருத்தப்படும்போது வாளாவிருக்கும் சமுதாயம், வாக்களிக்கும் நாளில் மட்டும் விழித்துப் பயனில்லை.